‘சாமி குத்தம்’ யாருக்கெல்லாம்?

கொங்குப் பகுதியில் நோம்பி சாட்டியதும் சில ஊர்களில் ஒரு பேச்சும் கூடவே கிளம்பும். அருந்ததியர் தெருக்காரர்கள் கோயிலுக்குள் வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டால், “எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, சாமி குத்தம் ஆயிருமே” என்பார்கள். தடுப்பது மனிதர்கள். பழியை மட்டும் சாமி மேல் போட்டுவிடுவார்கள்.

இதே பேச்சு இப்போது வேறு சிலரைப் பார்த்தும் சொல்லப்படுகிறது. ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண் ஆகியோரின் உரிமை பற்றிப் பேச்செடுத்தால், “சாஸ்திரம் ஏற்காது”, “வேதத்தில் பாவம்”, “நம் பண்பாட்டில் இல்லாதது” என்று பதில் வருகிறது. சொல்பவர்களில் நம் தெருக்காரர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை இங்கே பேச வேண்டியிருக்கிறது.

சாஸ்திரத்தைக் காட்டி உரிமையை மறுத்த வரலாறு நமக்குப் புதிதல்ல. 1932-ல் நம் கொங்கு மண்ணின் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி.சுப்பராயன், சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவர முயன்றார். மத விஷயத்தில் சட்டம் தலையிடக் கூடாது என்று சனாதனிகள் கொதித்தார்கள். 1933 ஜனவரியில் வைஸ்ராய் அதற்கு அனுமதி மறுத்தார். 1939 ஜூலை 8-ம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துச் சென்றபோது, கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். ஆகமம் அழியும் என்றார்கள். கோயில் இன்றும் இருக்கிறது. நாமும் உள்ளே போய் வருகிறோம்.

இனி இன்னொரு வழக்கைப் பாருங்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு, வயதுவந்தோர் மனமொத்து வாழ்வதற்குப் பொருந்தாது என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. சோதிடர் ஒருவரும், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும், கிறிஸ்தவ சபைகளின் அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த வரிசையில் ஒரு கட்சியும் இருந்தது. அதன் பெயர் ‘கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா’. மனுவின் பெயரைத் தாங்கியவர்கள் யாருக்கு எதிராக வழக்காடினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 2013-ல் அந்த மேல்முறையீடு வென்றது. 2018 செப்டம்பர் 6-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது.

2009 தீர்ப்பும் 2018 தீர்ப்பும் யாரைத் துணைக்கு அழைத்தன தெரியுமா? அண்ணல் அம்பேத்கரை. 1948 நவம்பர் 4-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய அவர், அரசியல் சட்ட ஒழுக்கம் என்பது மனிதருக்குத் தானாக வருவதல்ல, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்றார். ஊர் ஒழுக்கம், பெரும்பான்மையின் ஒழுக்கம் என்பதைக் காட்டி ஒருவரின் உரிமையைப் பறிக்க முடியாது என்று நீதிபதிகள் அதிலிருந்து வாதிட்டார்கள். நமக்காக அண்ணல் கட்டிய அரண் இன்னொருவரையும் காத்தது. இதில் நாம் பெருமைப்படலாமே தவிர, முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

“இது பட்டணத்துப் பணக்காரர் பிரச்சினை” என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தார்கள். போலீசார் தேடி வந்தார்கள். இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்த கதைதானே? சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பிடித்துவர முதலில் கொடுக்கப்படுவதும் இந்தக் ‘காணவில்லை’ புகார்தான். அங்கும் குடும்ப மானம், இங்கும் குடும்ப மானம். பக்கத்து ஊரான உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13-ம் தேதி சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. யாரோடு வாழ்வது என்பதைச் சாதியும் குடும்பமும்தான் தீர்மானிக்கும் என்ற திமிர் செய்த கொலை அது. அதே திமிர்தான் அந்தப் பெண்களையும் துரத்தியது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கிருந்த அறியாமையை வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அவர்களுக்குப் பாதுகாப்பாக உத்தரவிட்டார்.

மதத்துக்குள்ளேயே இவர்களுக்கு ஆதரவு இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். உண்டு. திருநர் உரிமையை ஏற்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கூவாகத்தில் கொண்டாடப்படும் அரவான் கதையை எடுத்துச் சொன்னது. மகிழ்ச்சிதான். ஆனால் உரிமையைக் கதையின் மேல் கட்டினால், வேறொரு கதையைக் காட்டி அதை இடித்துவிட முடியும். 1934-ல் தீண்டாமை எதிர்ப்புப் பயணமாகத் திருநெல்வேலிக்கு வந்த காந்தி, பீகார் நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். தாகூர் அதை ஏற்கவில்லை. கோயில் நுழைவுதான் பாவம், அதற்கே தண்டனை என்று சனாதனியும் சொல்லலாம் அல்லவா? தீண்டாமை கூடாது என்பதற்கு நிலநடுக்கம் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. மனிதன் மனிதனுக்குச் சமம் என்பதே போதும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வெள்ளை இன ஆணை மணந்த கருப்பினப் பெண் மில்ட்ரெட் லவ்விங் தண்டிக்கப்பட்டார். இனங்களைக் கடவுளே வெவ்வேறு கண்டங்களில் வைத்தார், அவை கலக்கக் கூடாது என்று அந்த நீதிபதி எழுதினார். 1967-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மில்ட்ரெட், தன்பாலினத்தவரும் மணந்துகொள்ளும் உரிமை பெறவேண்டும் என்று அறிக்கை விட்டார். அடிபட்டவருக்கு அடியின் வலி தெரிந்திருந்தது.

யாருடைய நம்பிக்கையையும் விடச் சொல்லவில்லை. கோயிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ அவரவர் விருப்பம். அந்த நம்பிக்கையை அடுத்தவர் வீட்டுக் கதவுக்குப் பூட்டாக மாட்டக் கூடாது என்பதுதான் நாம் சொல்வது.

ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அந்தக் கோரிக்கையில் இன்னொரு வரியையும் சேர்ப்போம்: தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் வயதுவந்த எவருக்கும், துணை எந்தச் சாதியானாலும் எந்தப் பாலினமானாலும், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதும்போது இதையும் எழுதுங்கள், தோழர்களே.