கப்பல் வேலையா? ஏறும் முன் காகிதத்தைப் பார்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கடல் கிடையாது. கோமுகி ஆறு உண்டு. கல்வராயன் மலை உண்டு. நெல் உண்டு, கரும்பு உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலூருக்கோ, புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆனால் கப்பல் ஆசைக்குக் கடற்கரை தேவையில்லையே! "கப்பலில் வேலை, டாலரில் சம்பளம்" என்ற நோட்டீசு உள்நாட்டு ஊர்களின் பஸ் நிலையச் சுவரையும் விட்டு வைப்பதில்லை. பிளஸ்-2 முடித்த பையன் பார்க்கிறான். ஐ.டி.ஐ. படித்த பையன் பார்க்கிறான். அப்பா நிலத்தை அடகு வைக்கிறார். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றுகிறாள்.

தூத்துக்குடிப் பையனுக்கு இப்படி ஒரு ஆசை வந்தால் தெருவில் விசாரிக்க நாலு பேர் இருப்பார்கள். "அந்தக் கம்பெனியா? வேண்டாம்டா மருமகனே!" என்று சொல்ல, கப்பலில் போய் வந்த மாமா ஒருவர் இருப்பார். கச்சிராயப்பாளையத்துப் பையனுக்கு யார் இருக்கிறார்? வெள்ளிமலைப் பையனுக்கு யார் இருக்கிறார்?

ஏஜெண்டு இருக்கிறார். அவர் மட்டும்தான் இருக்கிறார். ஆபத்து அங்கேயே தொடங்குகிறது.

புயலா, டீசலா?

கப்பல் ஆபத்து என்றதும் எல்லோருக்கும் புயல்தான் நினைவுக்கு வரும். புயல் மட்டுமா ஆளைக் கொல்கிறது?

சென்னைவாசிகளுக்கு 'பிரதிபா காவேரி' மறந்திருக்காது. 2012-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி. நிலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்த அந்த எண்ணெய்க் கப்பலை நங்கூரத்தால் பிடித்து வைக்க முடியவில்லை. காற்று தள்ளிக் கொண்டு வந்து பெசன்ட்நகர் பக்கம் தரைதட்ட வைத்தது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய் வேடிக்கை பார்த்தார்கள்.

கப்பலில் இருந்தவர்கள் 37 பேர். அவர்களில் 22 பேர் உயிர்காக்கும் படகில் இறங்கினார்கள். கொந்தளித்த அலையில் படகு கவிழ்ந்தது. கரையில் இருந்த மீனவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பலரை இழுத்து வந்தார்கள். அப்படியும் 6 பேர் பிணமானார்கள். கப்பலிலேயே இருந்த 15 பேரும் மறுநாள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள்.

மற்ற கப்பல்கள் ஆழ்கடலுக்குப் போய்த் தப்பித்தபோது இந்தக் கப்பல் ஏன் போகவில்லை? எஞ்சினை ஓட்ட எண்ணெய் இல்லை! சம்பளம் பாக்கி, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு என்று பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள்.

எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பலுக்கே எண்ணெய் இல்லை. கொன்றது புயலா, டீசலா? புயல் வரும் என்று ரேடியோ சொன்னது. டேங்க் காலி என்று வேலைக்கு ஏறும் முன் யார் சொன்னார்கள்?

கிணறும் கப்பலும்

இன்னொரு ஆபத்து கள்ளக்குறிச்சி விவசாயிக்குத் தெரிந்ததுதான். ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணற்றில் ஒருவன் இறங்குவான். மயங்கி விழுவான். "ஐயோ!" என்று தூக்கப் போன தம்பியும் விழுவான். அவனைத் தூக்கப் போன சித்தப்பாவும் விழுவார். காற்றில் பிராண வாயு இல்லாததுதான் காரணம். கழிவுநீர்த் தொட்டியிலும் இதே கதைதான்.

கப்பலின் அடியில் இப்படிப்பட்ட கிணறுகள் எத்தனையோ! சரக்குக் கிடங்கு, எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி. மூடிக் கிடக்கும் தொட்டியில் இரும்பு துருப்பிடிக்கும். அந்தத் துருவே பிராண வாயுவைத் தின்று விடும். மரக்கட்டை, நிலக்கரி, தானியம் எல்லாமே காற்றைக் கெடுக்கும். வாசனை இருக்காது, புகை இருக்காது. ஏணியில் இறங்கியவன் ஏறி வர மாட்டான்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. கருவி வைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டும். எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாயிலில் ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்புப் பயிற்சி நடத்த வேண்டும் என்று 2015-ம் ஆண்டு முதல் உலகம் முழுவதும் கட்டாயம். நல்ல கப்பலில் இதெல்லாம் நடக்கும். ஓட்டைக் கப்பலில்? "இறங்குடா" என்ற ஒரே வார்த்தைதான்!

அடுத்தது கயிறு. தேர் வடம் பார்த்தவர்களுக்கு இது புரியும். கரையில் கப்பலைக் கட்டும் கயிறு தேர் வடம் போல் இருக்கும். இழுவிசை தாங்காமல் அது அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும். குறுக்கே நின்றவனின் காலை ஒடிக்கும், உயிரையும் எடுக்கும். எங்கே நிற்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தால் பிழைத்தான். இல்லாவிட்டால் இல்லை.

தூக்கமும் ஒரு பாதுகாப்புதான். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு என்பது சர்வதேசச் சட்டம். ஆளைக் குறைத்து ஓட்டும் கப்பலில் இந்தக் கணக்கு நோட்டில் மட்டும் இருக்கும்.

அம்போ என்று விட்டால்?

இத்தனைக்கும் தப்பினாலும் இன்னொன்று காத்திருக்கிறது. கடன்பட்ட முதலாளி கப்பலை ஏதோ ஒரு துறைமுகத்தில் விட்டுவிட்டு மறைந்து விடுவான். சம்பளம் வராது. சாப்பாடு வராது. பல நாட்டுத் துறைமுகங்களில் கப்பலை ஆளில்லாமல் விட்டு இறங்கவும் முடியாது. ஊருக்குத் திரும்ப டிக்கெட் கிடையாது. நடுக்கடலில் ஜெயில்!

2024-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல் தொழிலாளர்கள் இப்படிக் கைவிடப்பட்டார்கள். அதில் முதல் இடம் எந்த நாட்டவருக்குத் தெரியுமா? இந்தியர்களுக்குத்தான்! கணக்குச் சொன்னது சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம்.

மலைக்குப் புதிதல்ல

வேலை என்ன என்று முழுசாகச் சொல்லாமல், முன்பணத்தைக் காட்டி ஆள் பிடிப்பது கல்வராயன் மலைக்குப் புதிதல்ல. செம்மரப் புரோக்கர்கள் செய்ததும் அதுதான். 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செத்தவன் கூலி. தப்பியவன் புரோக்கர்.

செம்மரம் வெட்டுவது குற்றம். கப்பல் வேலை கௌரவமான தொழில். இரண்டையும் ஒன்றாக்க முடியாது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலில் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். மலைப் பையனும் போகட்டும், கேப்டன் ஆகட்டும். ஆனால் ஏமாறப் போக வேண்டாம்.

எதைப் பார்க்க வேண்டும்?

ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்கு மும்பையில் உள்ள கப்பல் துறை தலைமை இயக்குநரகத்தின் லைசென்சு வேண்டும். இதற்கு 'ஆர்.பி.எஸ்.எல்.' நம்பர் என்று பெயர். இயக்குநரகத்தின் இணையதளத்தில் இந்த நம்பரைச் சரிபார்க்கலாம். நம்பர் இல்லையா? எழுந்து வந்து விட வேண்டும்.

வேலை வாங்கித் தரப் பணம் கேட்கவே கூடாது என்பது சட்டம். பாஸ்போர்ட், டாக்டர் சர்டிபிகேட், சி.டி.சி. என்கிற மாலுமி புத்தகம் இவற்றுக்குத்தான் செலவு. லட்சக்கணக்கில் "சர்வீஸ் சார்ஜ்" கேட்பவன் வேலை கொடுப்பவன் அல்ல, வேலையைக் காட்டி விற்பவன்!

கப்பலின் பெயர் என்ன, எந்த நாட்டுக் கொடி, எந்தத் துறைமுகத்தில் ஏற வேண்டும், சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதிய ஒப்பந்தம் ஏறும் முன்பே கைக்கு வர வேண்டும். "முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, மற்றதை அங்கே பார்க்கலாம்" என்றால் அது குழி.

தொழிலாளியைக் கைவிட்டால் 4 மாதச் சம்பளம் வரையிலும், ஊர் திரும்பும் செலவுக்கும் கப்பல் முதலாளி காப்பீடு வைத்திருக்க வேண்டும். 2017-ம் ஆண்டு முதல் இது சர்வதேச விதி. அந்தச் சான்றிதழைக் கப்பலிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும்.

ஒரு பலகை போதும்

2019-ம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் வந்தார். அதிகாரிகள் வந்தார்கள். லைசென்சு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலை வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்க எத்தனை கோடி ஆகும்? மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வருஷத்துக்கு ஒரு நாள், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து வந்து பேச வைக்க எந்தச் சட்டம் தடுக்கிறது? போலி ஏஜெண்டு மீது புகார் வந்தால், "பணத்தைத் திருப்பிக் கொடுத்து விட்டார்" என்று பஞ்சாயத்துப் பேசி முடிக்காமல் போலீசார் வழக்குப் போடக் கூடாதா?

தூத்துக்குடிப் பையனுக்கு இருக்கும் மாமாவாகக் கள்ளக்குறிச்சிப் பையனுக்கு சர்க்கார்தான் இருக்க வேண்டும். அடகு வைக்கும் நிலத்தைப் பத்துத் தடவை அளந்து பார்க்கும் குடும்பம், பிள்ளை ஏறப் போகும் கப்பலின் பெயரையாவது ஒரு தடவை கேட்க வேண்டும்.