ஒரு நாள் பழம்

மே மாத மத்தியானம் தில்லித் தெருக்களில் சில வாரங்கள் மட்டும் தலைகாட்டும் ஒரு கூடை வியாபாரம் உண்டு. பட்டாணி அளவில் கருஊதா நிறப் பழங்கள். கறுப்பு உப்புத் தூவிக் குலுக்கிக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு. பிழிந்து சர்க்கரை சேர்த்தால் வெயிலுக்கு இதமான சர்பத். இதுதான் ஃபால்சா. வேலை மாற்றலாகி வடக்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் பல, இதன் பெயரையே முதல் கோடையில்தான் கேள்விப்படுகின்றன.

ஆனால் அதே நகரத்தின் குளிரூட்டப்பட்ட கடைகளில் ஃபால்சாவைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கடல் தாண்டி வந்த புளூபெர்ரி அங்கே பிளாஸ்டிக் டப்பாவில் உட்கார்ந்திருக்கும். காரணம் எளிது. பழுத்த ஃபால்சா ஓரிரு நாள்கூடத் தாங்குவதில்லை. ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதும் இல்லை. திரும்பத் திரும்பக் கையால் பறிக்க வேண்டும். வியாபாரிக்கு இது தலைவலி.

வீட்டுத் தோட்டத்துக்கோ இதுவே வசதி. தினமும் காலையில் ஒரு கைப்பிடி, சில வாரங்களுக்கு. பறித்த கையோடு சாப்பிட்டுவிடலாம். செடியும் அதிகம் கேட்பதில்லை. வடநாட்டு வெயிலையும் வறட்சியையும் தாங்கும். தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. மழைக்காலத்தில் புதிய விதையைப் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். இரண்டாவது கோடையில் பழம் எதிர்பார்க்கலாம். மொட்டை மாடிக்காரர்களுக்குப் பெரிய தொட்டி போதும்.

தவறவிடக்கூடாத வேலை ஒன்றே ஒன்று: கவாத்து. புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் ஃபால்சா காய்க்கும். வடக்கே இலை உதிர்ந்து நிற்கும் டிசம்பர், ஜனவரியில் இடுப்பளவுக்கு வெட்டிவிட வேண்டும். வளர்த்த கைக்கு வெட்ட மனம் வராது. வெட்டாவிட்டால் செடி உயரும். பழம் குறையும், இருப்பதும் கைக்கு எட்டாது. பழுக்கும் நேரத்தில் மைனாக்களுக்கு ஒரு பங்கு போகும். பழைய வலை ஒன்றைப் போர்த்தினால் மிச்சம் நமக்கு.

வேலியோரம் காலியாக இருந்தால் களாக்காய் நடலாம். மகாராஷ்டிர மலைப்பகுதிகளில் 'மலையின் கறுப்பு மைனா' என்று செல்லப்பெயர் பெற்ற பழத்தின் நெருங்கிய உறவு இது. முள் இருப்பதால் ஆடு மாடு நெருங்காது. குழந்தைகள் நடமாடும் பாதையைத் தவிர்ப்பது நல்லது. வேர் பிடித்துவிட்டால் தண்ணீர்கூட எப்போதாவதுதான். காய் ஊறுகாய்க்கு, கனி அப்படியே தின்ன.

முற்றம் வைத்த வீடுகள் அடுக்குமாடிகளாகும்போது முதலில் வெட்டப்படுவது இத்தகைய செடிகள்தான். மாம்பழம் போனால் ரத்னகிரியிலிருந்து வரவழைக்கலாம். ஃபால்சாவை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது. தெருவில் ஒரு செடி போனால், அந்தத் தெருவுக்கு அந்த ருசியும் போனது.