மருந்து மலிந்தது, வைத்தியமும் எட்ட வேண்டும்

ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும், திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளியானாலும் வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளியானாலும் கேட்பது இரண்டே கேள்விகள். ‘பிழைக்குமா?’ ‘எவ்வளவு செலவாகும்?’ இரண்டாவது கேள்விக்கான பதிலே முதல் கேள்விக்கும் பதிலாகிவிடும் அநியாயத்தை நாம் அனுமதிக்கலாமா?

எலும்பு மஜ்ஜையில் கோளாறான ரத்த அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே இந்நோய். இது தொற்று நோயல்ல, முன்வினைப் பயனுமல்ல. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை, இரண்டு மூன்று வருட முறையான சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகிறது. பெரியவர்களைத் தாக்கும் நாள்பட்ட மைலாய்டு வகை முன்பு சில வருடங்களில் உயிரைக் குடித்தது. 2001ல் விற்பனைக்கு வந்த இமாட்டினிப் மாத்திரை அந்த நிலையை மாற்றியது. தினமும் தவறாமல் உட்கொள்வோரில் மிகப் பலர் உழைத்து, நெடுநாள் வாழ்கிறார்கள்.

ஆனால் இம்மாத்திரைக்கு ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி வைத்த விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய்! அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்குத் தந்தன. அதைத் தடுக்கும் ஏகபோக உரிமைக்கே நோவார்ட்டிஸ் பேடண்ட் கேட்டது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புது உரிமை பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு, இடதுசாரிகளின் வற்புறுத்தலுக்கிடையே நிறைவேறிய 2005ஆம் வருடத் திருத்தச் சட்டத்தில் இருந்தது. அதன்படி சென்னைப் பேடண்ட் அலுவலகம் 2006ல் மனுவைத் தள்ளியது. அப்பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை ஹைகோர்ட் 2007ல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1ல் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் அப்பீலைத் தள்ளியது. நோயாளிகள் சங்கமும் கோர்ட்டில் நின்று போராடிப் பெற்ற வெற்றி இது.

எனினும் மாத்திரை மட்டுமே வைத்தியமாகிவிடாது. உடம்பு தேறியதென்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டும். கீமோதெரபி பெறுவோருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொதித்தாறிய நீர், நன்றாக வெந்த புதிய உணவு, கை சுத்தம், மென்மையான பல் துலக்கி ஆகியவை அவசியம். டாக்டரைக் கேளாமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கூடாது.

தினக்கூலிக்காரர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்? பரிசோதனைக்காக மதுரைக்கோ சென்னைக்கோ போனால் பஸ் கட்டணம் ஒரு பக்கம், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து இரண்டு கூலி நட்டம் மறுபக்கம். மாத்திரை விலை குறைந்தும் வைத்தியம் நின்றுபோவது இங்கேதான்.

ஆகவே நாம் கோருகிறோம்: மாதந்தோறும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகவும் தடையின்றியும் கிடைக்க வேண்டும். வெளியூர் சிகிச்சைக்குப் பயணச் செலவும், சிகிச்சை நாட்களுக்குக் கூலி ஈடும் தர வேண்டும். தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் இக்கோரிக்கையைக் கையிலெடுக்கட்டும். கோர்ட்டில் காத்த மருந்து குடிசைக்கும் வந்து சேரட்டும்!