நிலம் கேட்டவர்கள்

சீனப் புரட்சியில் விவசாயிகளின் பங்கு என்றதும் ஹூனான் விவசாயிகளின் இயக்கம் பற்றி 1927இல் மாவோ எழுதிய அறிக்கையிலிருந்துதான் நம்மவர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே குவாங்டோங் மாகாணத்தின் ஹைஃபெங்கில் பெங் பாய் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். பெரும் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, ஜப்பானில் படித்தவர். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக வந்து நின்றவரை வரி வசூலிக்க வந்த ஆள் என்றே குடியானவர்கள் நினைத்தார்கள். அவர் உடையை மாற்றினார், பேச்சை மாற்றினார், கிராமபோன் வைத்துக் கூட்டம் சேர்த்தார். தன் பங்கு நிலப் பத்திரங்களைக் குத்தகைதாரர்கள் கண்ணெதிரே கொளுத்தினார். ஆறு பேரோடு தொடங்கிய சங்கம் 1923 புத்தாண்டன்று ஹைஃபெங் முழுமைக்குமான அமைப்பாகிவிட்டது.

அந்தச் சங்கம் செய்த வேலைகளைப் பாருங்கள்: சாவுச் செலவுக்கு நிதி, வைத்தியசாலை, வழக்குத் தீர்ப்பது, குத்தகைக் குறைப்புக்குப் போராடுவது. குடியானவர்களுக்கு மார்க்சியம் பிறகு வந்தது. விவசாயியைக் கம்யூனிஸ்ட் கட்சி திரட்டியது என்று எழுதுவது பாதி உண்மைதான். குத்தகை, வட்டி, நிலம் என்ற தன் கணக்கோடுதான் அவன் கட்சியிடம் வந்தான்.

1927இல் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகள் படுகொலை செய்யப்பட்ட பின் நகரத்தில் நிற்க இடமில்லாமல் போன கட்சிக்கும் அவன் தேவைப்பட்டான். 1947இன் நிலச் சட்டம் பண்ணை நிலத்தைப் பங்குபோட்டது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போரின் ஹுவாய்ஹாய்ச் சண்டையில் கட்சியின் படைக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்தார் தள்ளுவண்டியில் தானியம் கொண்டுபோனார்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். எல்லாரும் மனமுவந்து வந்தவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் காப்பாற்றிக்கொள்ள ஒரு துண்டு நிலம் அவர்களில் பலருக்கு இருந்தது. அந்த நிலச் சீர்திருத்தத்தில் பண்ணையார்கள் பல லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் மறைப்பதற்கில்லை.

கொடுத்த நிலம் எத்தனை நாள் நிலைத்தது? 1953இல் கட்டாயக் கொள்முதல், 1956க்குள் கூட்டுப்பண்ணை, 1958இல் கம்யூன். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டார்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். இதைத் தவிர்த்துவிட்டு விவசாயியின் 'மகத்தான பங்கை' மட்டும் கொண்டாடும் கட்டுரைகளை இந்த இதழில் இனி வெளியிடுவதாக இல்லை.

பறிபோன நிலத்தைக் கடைசியில் விவசாயியே திரும்ப எடுத்துக்கொண்டான். 1978இல் அன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் கிராமத்தில் பதினெட்டுக் குடும்பத்தார் கம்யூன் நிலத்தை ரகசியமாகப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். முன்னின்றவர்கள் சிறைக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் அதில் எழுதி வைத்திருந்தார்கள்.