முதல் மூன்று கிழமை



போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் கோப்பிக்கு இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு தங்கச்சி மட்டும் பின்வாங்கில் இருந்தபடியே இருந்தாள். அண்மையில்தான் ஞானஸ்நானம் எடுத்தவள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

"அக்கா, முதல் கிழமை பஸ்ஸில போகேக்கையே அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம். இப்ப உள்ளுக்க ஒண்டுமே இல்லாத மாதிரி இருக்கு. நான் உண்மையா இரட்சிக்கப்பட்டனானா?"

எனக்கு உடனே என் வேலைதான் நினைவுக்கு வந்தது. பிரசவ வார்ட்டில் இரண்டாம் மூன்றாம் நாள் காலையில் குழந்தையைத் தராசில் வைப்போம். 3,200 கிராமோடு பிறந்த பிள்ளை 3,000 காட்டும். தாய்க்கு முகம் இருண்டுவிடும். "என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது?" ஒன்றும் நடக்கவில்லை. பிறந்த முதல் நாட்களில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் நிறை குறைவார்கள். 10 சதவீதத்தை எட்டினால் வைத்தியரைக் கூப்பிடுவோம். மற்றப்படி, பத்துப் பதினாலு நாளில் பிறந்த நிறைக்குத் திரும்பி வந்துவிடும். தாய்க்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: தராசையே பார்த்துக்கொண்டிருக்காமல் பாலைக் கொடுங்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, கொஞ்சம் கொஞ்சமாக.

பேதுரு புது விசுவாசிகளைப் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டதை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பிரசவ வார்ட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது. அந்தத் தங்கச்சி ஆதியாகமத்தில் தொடங்கி, ஒரு நாளைக்குப் பத்து அதிகாரம் என்று ஓடி, லேவியராகமத்தில் மூச்சு முட்டி நின்றிருந்தாள். மாற்கு சுவிசேஷத்துக்கு வா என்றேன். 16 அதிகாரங்கள்தான். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் முடியாவிட்டால் பாதி. ஜெபமும் அப்படித்தான். இரவு வேலை முடித்து ஷெப்பர்ட் வீதியில் பஸ்ஸுக்குப் பனியில் நிற்கிறபோது நான் செய்கிற ஜெபம் இரண்டு வசனத்துக்கு மேல் போகாது. அதில் ஒரு வசனம் பஸ் கெதியாய் வரவேண்டும் என்பது.

ஆனால் குழந்தை தானாகப் பால் எடுத்துக் குடிப்பதில்லை. யாரோ தூக்க வேண்டும். இந்த மாதம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

என் மாமியின் ஊர் பாளையங்கோட்டை. கலியாணம் முடித்து முதல் தடவை அங்கே போனபோது, வெயிலில் என்னை ஒரு சின்னக் கோவிலுக்குக் கூட்டிப் போனார். ஊரில் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையான எனக்குக் கிளாரிந்தாவின் பெயரே அன்றுதான் தெரியும். அதற்கு முன் 1915இல் மாதவையா அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதியிருக்கிறாராம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைக் கணவனின் சிதையிலிருந்து காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அவரோடு வாழ்ந்த காலத்தில், அவர் மூலமாகவே கிறிஸ்துவை அறிந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். இருவரும் முறையாகத் திருமணம் செய்யவில்லை என்பது காரணம். நினைத்துப் பாருங்கள். சொந்தச் சனம் கைவிட்டாயிற்று, சபையும் வாசலில் நிறுத்திவிட்டது. நானாக இருந்தால் அங்கேயே கோபித்துக்கொண்டு போயிருப்பேன். அவர் போகவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது திரும்பவும் கேட்டார். கிடைத்தது.

அதற்குப் பிறகு ஐயர் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டார். 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம். பக்கத்தில் போதகர் இல்லை, ஆலயம் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன. பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் ஒரு பிராமணப் பெண் அவர்களோடு ஒரே சபையில் இருந்தார் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். 1785இல் அவர் முயற்சியால் கட்டிய ஆலயத்தை ஸ்வார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். சத்தியநாதன் உபதேசியாராக வந்தார். 1790இல் அவர் குருப்பட்டமும் பெற்றார். திருநெல்வேலிச் சபையின் வரலாறு இந்த 40 பேரிலிருந்துதான் தொடங்குகிறது.

கிளாரிந்தா அம்மாளுக்கு உள்ளே எப்படி இருந்தது, சந்தோஷம் மூன்றாம் கிழமையில் குறைந்ததா என்று பதிவேடு சொல்லாது. தனியாக நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறது.

எத்தியோப்பிய மந்திரி தனியாகத்தானே போனார் என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆண்டவர் அப்படியும் நடத்துவார். ஆனால் சவுலுக்குக்கூட ஒரு அனனியாவும் ஒரு பர்னபாவும் தேவைப்பட்டார்கள்.

இங்கேதான் நமக்கு வெட்கம். நான் 17 வயதில் ஒரு வாலிபர் முகாமில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள், படம் எடுத்தார்கள். திங்கட்கிழமையில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. மூன்றாம் கிழமை, எல்லாம் நாடகம் என்று நினைத்துவிட்டேன். சபையில் ஒரு அன்ரி இருந்தா. வேதம் பற்றி என்னோடு பெரிதாக ஒன்றும் பேசினதில்லை. புதன்கிழமை தோறும் எடுத்து, "சாப்பிட்டியோ? ஞாயிறு வாறியோ?" என்று கேட்பா. இரண்டு கேள்விதான். அதில் நான் தப்பினேன்.

பெற்றோருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஞானஸ்நானத்துக்குக் கேக் வாங்குகிறோம், அடுத்த புதன்கிழமைக்கு ஒருவரையும் நியமிப்பதில்லை. பிரசவ வார்ட்டில் இப்படி நடந்தால் எங்களை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

அந்தத் தங்கச்சிக்கு இன்னொரு பாரமும் இருந்தது. வீட்டில் அம்மா இந்து. வெள்ளிக்கிழமை சாமி அறைக்கு வரமாட்டேன் என்று இவள் சொன்ன நாளிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. "விட்டுக்கொடுத்தால் துரோகமா அக்கா? சண்டை பிடிக்கிறதா?" நான் போதகர் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். வரமுடியாததை ஒரு தடவை மெதுவாகச் சொல். ஒவ்வொரு வெள்ளியும் வாதாடாதே. முன்பு செய்யாத வீட்டு வேலையைச் செய். அம்மாவுக்குச் சாமி அறையைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது: மகள் தன் கையை விட்டுப் போகிறாளோ என்று. கிளாரிந்தாவுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது, அதை நீயாக எரிக்காதே என்றேன். சரியாகச் சொன்னேனா என்று இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை.

இப்போது புதன்கிழமைகளில், எனக்கு இரவு வேலை இல்லாத நாட்களில், அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். அரை மணித்தியாலம், மாற்குவில் ஒரு அதிகாரம், ஒரு தேத்தண்ணி. போன புதன் கையில் ஒரு டப்பாவோடு வந்தாள்.

"புட்டு அக்கா. அம்மா ஆருக்கெண்டு கேட்டவ. சேர்ச் அக்காவுக்கு எண்டனான். ஒண்டும் சொல்லேல்லை. இன்னும் கொஞ்சம் கூடப் போட்டுத் தந்தவ."

ஆறாம் அதிகாரத்தில் நிற்கிறோம்.