அரமும் வாக்குச் சீட்டும்

உறவினரைக் கூட்டிக்கொண்டு றைன் நீர்வீழ்ச்சி பார்க்க நொய்ஹவுசனுக்குப் போகாத தமிழர் சுவிசில் குறைவு. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதே ஊரில், ரயில் பெட்டி செய்வதற்கென்று 1853-ல் தொடங்கிய தொழிற்சாலை சில வருடங்களில் துவக்குச் செய்யத் திரும்பியதை நாங்கள் நினைப்பதில்லை.

துவக்கு வேலை இங்கே நான்கு வருடம் பயிலும் தொழில். குழலில் குறிமுனை பொருத்துகிறவன் காடியில் மை தடவி, துண்டை அழுத்திப் பார்த்து, அதில் மை ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் ராவுகிறான். மறுபடி மை, மறுபடி அரம்.

இதை வியக்கும் எங்கள் ஆட்களுக்குக் கூடவே ஒரு பெருமையும் வரும்: "எங்கட பொடியளும் கடைச்சல் பட்டறையில வைச்சுச் செய்தவங்கள்தானே." உண்மைதான். உள்ளூரில் செய்த 'பசீலன்' எறிகணையை மறந்தவர் யார்? என் கேள்வி வேறு. ராவிய கைகளிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

எங்கள் ஊரில் ஒரு பட்டறைக்காரர் இருந்தார். மண்வெட்டியும் கிணற்றுக் கப்பியும் செய்தவர். ஓர் இரவு வந்தவர்கள் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, "விடிய முன்னம் வேணும்" என்றார்கள். செய்தார். 'மாட்டன்' என்று சொல்ல அந்த இரவில் இடம் இருக்கவில்லை. அந்த இரவைத்தான் மேடைகளில் வீரம் என்று கொண்டாடுகிறோம்.

இந்த நாட்டைப் பாருங்கள். 1989 நவம்பரில் இராணுவமே வேண்டாமென்று 35.6 வீதம் பேர் வாக்களித்தார்கள், தோற்றார்கள். 2009-ல் ஆயுத ஏற்றுமதியைத் தடைசெய்யும் பிரேரணையும், 2011-ல் வீடுகளிலுள்ள படைத் துவக்குகளைக் களஞ்சியத்துக்கு அனுப்பும் பிரேரணையும் தோற்றன. சுவிஸ் புனிதம் என்று நான் சொல்லவரவில்லை. நடுநிலை பேசிக்கொண்டே ஆயுதம் விற்கும் நாடு இது. ஆனால் தோற்றவர்கள் மறுநாள் வேலைக்குப் போனார்கள். ஒருவரும் மின்கம்பத்தில் கட்டப்படவில்லை.

"எங்களுக்கு ஆமி அடிச்சது" என்பீர்கள். அடித்தது, நானும் ஓடி வந்தவன்தான். துவக்கை ஏன் எடுத்தோம் என்பதற்கு அது பதில். அதை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று கேட்டவனை ஏன் துரோகி என்றோம் என்பதற்கு அது பதில் அல்ல.

இன்று சுவிஸ் பிரசைகளான எங்கள் பிள்ளைகள் படைப் பயிற்சி முடித்துத் துவக்கோடு வீட்டுக்கு வருகிறார்கள். மனச்சாட்சி இடம் தராவிட்டால், 1996-லிருந்து குடிமைச் சேவைக்குப் போகலாம். அவர்களிடம் வாக்குச் சீட்டும் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் இருந்தது அரம் மட்டும்.

பிள்ளைகளுக்குப் பசீலன் கதை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.