றொக் பாடகனும் மேடையும்: ஒரு மறுப்புரை

றொக் இசையரங்கு என்பது இரைச்சலும் மின்னொளியும் மயக்கமுற்ற கூட்டமும் சேர்ந்த ஒன்றே. அங்கு பாடுவோனின் திறமை எனத் தனித்து எடுத்துரைக்கத்தக்கது எதுவுமில்லை எனக் கூறும் விமரிசகர் உளர். றொக் பாடகனின் உயர்வு முழுவதும் அவனது குரல்வளத்திலேயே தங்கியுள்ளது எனச் சாதிக்கும் இரசிகரும் உளர். இவ்விரு கூற்றுக்களும் பொருந்தா என்பதே எமது வாதம்.

முதற் கூற்றை நோக்குவோம். 1985 ஜூலை 13ஆம் திகதி, எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கென இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில் ‘குயீன்’ குழுவினர் தோன்றினர். அவர்களுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 20 நிமிடங்களே. பகலொளி மறையாத கோடை மாலை. ஆதலால் அக்குழுவினர் பேர்பெற்றிருந்த ஒளியமைப்புக்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. திரண்டிருந்த ஏறத்தாழ 72,000 பேரும் அவர்களை மட்டும் காண வந்தோருமல்லர். அதே மேடையும் அதே கூட்டமும் அன்று வேறு பலருக்கும் வாய்த்தன. எனினும் அந்நாளை நினைவுகூருவோர் பலர் முதலிற் குறிப்பிடுவது குயீன் பாடகர் பிரெடி மேர்க்குரியையே. கருவியும் கூட்டமுமே அனைத்தையும் செய்கின்றன எனின், இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இனி, குரலே யாவும் என்போரிடம் வருவோம். மேர்க்குரியின் குரல் அரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இசைத்தட்டில் தாம் எட்டிய உச்சங்களை அவர் மேடையிற் பலவேளை தவிர்த்து, மெட்டைத் தாழ்த்தியே பாடினார். ‘பொஹீமியன் றப்சொடி’யின் பல குரல்கள் அடுக்கப்பட்ட நடுப்பகுதியைத் தம் அரங்குகளில் ஒலிநாடாவிலிருந்தே ஒலிக்கவிட்டனர், வெம்பிளியில் அப்பகுதியையே விட்டுவிட்டனர். ஒலிப்பதிவுக்கூடத்தின் நிறைவை மேடையில் மீளப் படைப்பதே சிறப்பெனின், மேர்க்குரி தோல்வியுற்றவராவார். அங்ஙனம் எவரும் கொள்வதில்லை.

அவ்வாறாயின் அவ்வாற்றல் யாது? கேட்போரைப் பங்காளராக்குதலே அது. வெம்பிளியில் பாடல்களுக்கிடையே, சொற்பொருளற்ற ஓர் ஒலித்தொடரை அவர் பாட, கூட்டம் அதனைத் திருப்பிப் பாடியது. தொடர்கள் நீண்டும் வளைந்தும் சென்றன, கூட்டமும் உடன்சென்றது. இது மந்தையை மேய்த்தலன்று. மாணாக்கர் எதுவரை வருவர் என அறிந்து அடியெடுத்துக் கொடுக்கும் ஆசானின் செயலை ஒத்தது. திரும்பப் பாட வேண்டியவன் முதலிற் செவிமடுக்க வேண்டும். மயங்கிய கூட்டத்தால் அது இயலாது. அடித்தாங்கி அற்ற அவரது ஒலிவாங்கிக் கோலும் அகன்ற கையசைவும் கடைக்கோடியில் நின்றவனையும் எட்டின. இவற்றுள் எதுவும் தற்செயலன்று. 15 ஆண்டுகால மேடைப் பயிற்சி உடைய அக்குழுவினர், அந்த 20 நிமிடங்களுக்கெனத் தனியாக ஒத்திகையும் பார்த்தனர். ஆற்றல் என நாம் வியப்பது உழைப்பின் பேறே.

இதனாற் கலைஞன் எல்லாப் பழியினின்றும் நீங்கினான் என்பதில்லை. வெம்பிளிக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர், 1984 ஒக்டோபரில், இதே குழுவினர் கலாசாரப் புறக்கணிப்பை மீறி, இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவின் சன் சிற்றியிற் பாடிக் கடுங் கண்டனத்துக்கு ஆளாயினர். பசித்தோர்க்கு உதவிய அதே கலையே அங்கும் மேடையேறியது. மக்களை ஒன்றிணைக்கும் ஆற்றல் தன்னளவில் அறமாகிவிடாது. ஆனால் அது வெறும் இரைச்சல் என ஒதுக்குவோரும், வெறும் குரலெனப் போற்றுவோரும், “யாருடைய மேடையில், யாருக்காக?” என்னும் வினாவை எழுப்பும் தகுதியை இழக்கின்றனர். இரைச்சலிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. கலைஞனிடம் கேட்க வேண்டுமெனின், அவனது கலையின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.